வௌவால் மனிதனும் காமன் கூத்துக் கோமாளியும்

ஹொலிவூட்டிலிருந்து புதிய பேட்மேன் படம் ஒன்று வரும்போதெல்லாம் விமர்சகர்கள் தவறாமல் வழங்கும் பாராட்டொன்று உண்டு. 'முந்தைய படங்களை விட இது இருள் செறிந்தது' என்பதே அது. 1989இல் டிம் பேர்ட்டனின் படத்துக்கு அவ்வாறு சொன்னார்கள். 2005இல் கிறிஸ்தோபர் நோலனின் படத்துக்குச் சொன்னார்கள். 2022இல் மெட் ரீவ்ஸ் இயக்கிய, ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓடும் படத்துக்கும் சொன்னார்கள். இருள் கூடக்கூடத் தரமும் கூடுகிறது என்றொரு கணக்கு எப்படியோ நிலைபெற்றுவிட்டது. இந்தக் கணக்கு சரியானதுதானா என்று கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

பதுளையில் இருந்துகொண்டு தேயிலையைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் எழுதிவந்த பத்திரிகைக்காரனுக்கு வௌவால் மனிதனோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. கப்பலேறி, கொழும்பு வந்து, அங்கிருந்து பதுளைக் கடைகளுக்கு வந்து, பின்னர் பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களில் அட்டை கிழிந்து கைமாறிய அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. மின்சாரம் உடலிற் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியை, மின்சாரமே எட்டிப்பார்க்காத லயக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் படித்தோம். மாயாவி எங்கள் லயத்துக்கு வந்திருந்தால் மறைய வழியில்லாமல் நின்றிருப்பார்.

ஆகவே முகமூடி வீரர்கள் எங்களுக்கு அந்நியர்கள் அல்லர். இருந்தும் இந்தப் படங்களைப் பார்க்கும்போது எங்கள் ஊர் அனுபவம் வேறு சில கேள்விகளை எழுப்புகிறது. அவற்றைச் சொல்வதற்கு முன் பேட்மேன் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துவது நல்லது.

பொப் கேன், பில் ஃபிங்கர் ஆகிய இருவர் 1939இல் உருவாக்கிய பாத்திரம் அது. பெற்றோரைக் கொள்ளையன் சுட்டுக்கொன்றதைக் கண்ணால் கண்ட சிறுவன், வளர்ந்து பெருஞ்செல்வனாகி, இரவில் வௌவால் வேடமணிந்து குற்றவாளிகளைத் தண்டிக்கிறான். கதையின் வித்து இருண்டதுதான். மறு ஆண்டிலேயே ரொபின் என்ற சிறுவன் துணையாக வந்து சேர்ந்தபோது கதைக்குள் வெளிச்சமும் நுழைந்தது. 1954இல் காமிக்ஸ்கள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் பெரும் எதிர்ப்புக் கிளம்ப, பதிப்பாளர்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். வௌவால் மனிதன் சாதுவானான். 1966 ஜனவரியில் அடம் வெஸ்ட் நடிப்பில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 1968 மார்ச்சில் முடியுமுன் 120 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. அதே 1966இல் ஒரு முழுநீளத் திரைப்படமும் வந்தது. கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், அடி விழும்போதெல்லாம் திரையில் பெரிய எழுத்தில் தோன்றும் ஒலிகள், சுறாமீனை விரட்டுவதற்கென்றே ஹெலிகொப்டரில் தயாராக வைத்திருக்கும் மருந்துப் புட்டி என்று எல்லாமே மிகை.

இந்தப் பாணியை ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்பார்கள். செயற்கையைச் செயற்கை என்றே காட்டி, மிகையை மிகை என்று அறிந்தே அதில் இன்பங்காணும் முறை. சூசன் சொன்டாக் இதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1964இல், அதாவது அத்தொடருக்குச் சற்று முன்னர்தான் வெளியானது. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. இக்கட்டுரையில் 'களிக்கூத்து' என்று சொல்லிக்கொள்கிறேன்.

1986இல் ஃபிராங்க் மில்லரின் காமிக்ஸ் நூல் வௌவால் மனிதனை மீண்டும் இருளுக்குள் இழுத்துச் சென்றது. 1989இல் பேர்ட்டன் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1995இலும் 1997இலும் ஜோயல் ஷூமேக்கர் வண்ணங்களையும் வேடிக்கையையும் திருப்பிக் கொண்டுவந்தார். 1997இல் வந்த படம் வாங்கிக்கட்டிக்கொண்ட வசை கொஞ்சநஞ்சமன்று. எட்டு ஆண்டுகள் படமே வரவில்லை. பின்னர் நோலனின் மூன்று படங்கள் 2005, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அன்றுமுதல் இருளே கௌரவம் என்றாயிற்று. களிக்கூத்து என்பது 1997இன் பாவம் என்றும், இருள் அதற்கான பரிகாரம் என்றும் ஒரு தலைமுறையே நம்புகிறது.

இங்கேதான் எங்கள் காமன் கூத்து நினைவுக்கு வருகிறது.

மலையகத் தோட்டங்களில் வேரூன்றிய கூத்துகள் மூன்று: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. இவற்றுள் காமன் கூத்தே எங்கும் பரவலானது. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவதில் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டி மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கும் இரவு வரை தோட்டமே அரங்காகிவிடும். பகலெல்லாம் மலையில் கொழுந்தெடுத்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இரவெல்லாம் தப்பு முழங்க விழித்திருப்பார்கள். கதை துயரக் கதை. திருமணமான சூட்டோடு கணவன் சாம்பலாகிறான், மனைவி அழுது புலம்புகிறாள். ஆனால் அதே இரவில் அதே திடலில் கோமாளி வருகிறான். குறவனும் குறத்தியும் வருகிறார்கள். வீரபத்திரனைக் கண்டு சிறுவர் அலறியோடுகிறார்கள், பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ரதியாக வேடமிடுபவன் ஓர் ஆண். நேற்றுவரை மருந்துத் தாங்கியைத் தோளில் சுமந்து மலையில் நின்றவன் இன்று சேலையும் பூவுமாக நிற்பதைப் பார்த்துக் கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். சற்று நேரத்தில் அதே கூட்டாளிகள் அதே ரதியின் ஒப்பாரிக்குக் கண் கலங்குவார்கள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று கெடுக்கவில்லையே, ஏன்? வேடமிட்டவன் நம்புவதால்தான். ரதியும் மன்மதனுமாக வேடம் பூணுவோர் விரதம் இருக்கிறார்கள். கோமாளி எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கங்காணியைச் செய்யலாம், துரையைச் செய்யலாம், பார்த்திருப்பவர்களையே செய்யலாம். மன்மதன் எரிவதை மட்டும் அவன் கேலி செய்வதில்லை. எதைக் கேலி செய்யக்கூடாது என்று கோமாளிக்குத் தெரிந்திருப்பதுதான் அந்தக் கூத்தின் இலக்கணம்.

இந்த அளவுகோலை எடுத்து 1966ஐயும் 1997ஐயும் அளந்து பாருங்கள். இரண்டும் களிக்கூத்துத்தான். ஆனால் ஒன்றல்ல. அடம் வெஸ்ட் தம் பாத்திரத்தை ஒருபோதும் கேலியாக நடிக்கவில்லை. எத்தனை அபத்தமான வசனத்தையும் முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல், நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரின் கண்ணியத்தோடு பேசினார். பார்வையாளன் சிரிக்கிறான், வீரன் சிரிப்பதில்லை. ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ தம் மீசையை மழிக்க மறுத்துவிட, அதன்மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசினார்கள். திரையில் மீசை தெரியும். எவருக்கும் அது குறையாகப் படவில்லை. ரதியின் தாடையில் நீலம் பாரித்திருப்பது எங்களுக்குக் குறையாகப் படாததைப் போலவே.

1997இன் படத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வீரனுக்கே தன் கதையில் நம்பிக்கை இல்லை. வௌவால் சின்னம் பொறித்த கடன் அட்டையை எடுத்துக் காட்டுகிறான். வில்லனின் ஒவ்வொரு வசனமும் பனிக்கட்டியைப் பற்றிய ஒரு சிலேடை. படத்தைவிடப் பொம்மை விற்பனையே முதலாளிகளின் கவனத்தில் இருந்தது என்று அதில் பணியாற்றியவர்களே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார்கள். ஷூமேக்கர் ரசிகர்களிடம் மன்னிப்பும் கேட்டார். ஆக, 1997 தோற்றதற்குக் காரணம் வண்ணமும் வேடிக்கையும் அல்ல, நம்பிக்கையின்மை. விரதமில்லாத ரதி அது. நோயைத் தவறாகக் கண்டறிந்துவிட்டு, இருள் என்ற மருந்தை இருபது ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, இருள் பாணி வழிபடும் அந்த இரவு உருவத்தைப் பார்ப்போம். இரவில் முகம் மறைத்து வருபவன். சட்டத்துக்கு வெளியே நிற்பவன். யார் குற்றவாளி என்பதைத் தானே தீர்மானிப்பவன். நியூயோர்க்கிலோ லண்டனிலோ திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கு இது கிளர்ச்சியூட்டும் கற்பனையாக இருக்கலாம். இலங்கையில் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது கற்பனை அன்று. வடக்கிலும் கிழக்கிலும் 'தலையாட்டி' என்றால் என்ன என்று அங்குள்ள தமிழர் அறிவர். தெற்கில் சிங்கள மக்கள் 'கோனி பில்லா' என்று சொல்லி நடுங்கினார்கள். சாக்கினால் முகத்தை மூடிக்கொண்டு, வரிசையில் நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவரைப் பார்த்துத் தலையசைக்கும் உருவம். 1987 முதல் 1989 வரையான அந்த ஆண்டுகளில் ஊவாவிலும் இரவில் முகம் மறைத்தவர்கள் வந்தார்கள். ஒருசாரார் கிளர்ச்சியின் பெயரால் வந்தனர், மறுசாரார் ஒழுங்கின் பெயரால் வந்தனர். இரு சாராருமே தாங்கள் தண்டிப்பது குற்றவாளிகளையே என்று நம்பினார்கள். காலையில் வீதியோரத்தில் கிடந்தவர்களுக்கு அந்த வேறுபாடு பயன்படவில்லை.

இந்தப் பின்னணியோடு 1966இன் வௌவால் மனிதனைப் பார்த்தால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அவன் பொலிஸாரால் முறைப்படி அதிகாரமளிக்கப்பட்டவன். பட்டப்பகலில் வருகிறான். பொலிஸ் ஆணையாளர் தொலைபேசியில் அழைத்தால்தான் புறப்படுகிறான். காரில் ஏறியதும் ஆசனப் பட்டியை அணியச் சொல்லி ரொபினுக்குப் புத்தி சொல்கிறான். இதையெல்லாம் வேடிக்கை என்று சொல்லிச் சிரித்தோம். சிரிக்க வேண்டியதும்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு நிதானமான கருத்து இருக்கிறது. முகமூடி அணிந்தவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதே அது. எங்கள் நாட்டில் முகமூடி அணிந்த எவரும் ஏற்காத கருத்து.

இதற்கு மறுமொழி ஒன்று உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சட்டமே அநீதியானால் என்ன செய்வது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களுள் மிகப் பெரும்பாலோரை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. அது முகமூடி அணிந்து இரவில் நடந்த கொள்ளை அன்று. பாராளுமன்றத்தில், பகலில், வாக்கெடுத்து நடந்தது. ஆகவே சட்டத்தை மதிக்கும் வீரன் என்பது மலையகத்தானுக்கு முழு ஆறுதல் தராது. சட்டமும் பொலிஸும் ஊழலுற்ற நகரம் என்று நோலனும் ரீவ்ஸும் காட்டும் கொதாம் நகரை எங்களால் எளிதில் விளங்கிக்கொள்ள முடியும். இருள் பாணியின் வலிமை இங்கே இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த அநீதி எவ்வாறு நீங்கியது என்பதையும் பார்க்கவேண்டும். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேற்றியது. எஞ்சியோருக்கு 1980களின் சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உரிமை தந்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஏறத்தாழ முடிந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், மனு, பேச்சுவார்த்தை, மீண்டும் மனு. இதில் எந்த இடத்திலும் கூரையிலிருந்து குதித்த வீரன் எவனும் இல்லை. அலுப்பூட்டும் கதைதான். ஆனால் உண்மையில் நடந்த கதை அதுவே.

இனி, இருண்ட படங்களுள் மிகச் சிறந்ததையும் களிக்கூத்துப் படங்களுள் மிகப் புகழ்பெற்றதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1966 படத்தில் ஒரு காட்சி. திரியில் தீப்பற்றிய குண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வௌவால் மனிதன் துறைமுகமெங்கும் ஓடுகிறான். எறிய இடமில்லை. ஒருபுறம் கன்னியாஸ்திரீகள் வருகிறார்கள். இன்னொருபுறம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய். வேறொரு திசையில் வாத்தியக் குழு. படகில் காதலர்கள். கடைசியில் தண்ணீரில் எறியப் போனால் அங்கே வாத்துகள். வாத்துகளையும் விட்டுவிட்டு ஓடுகிறான். பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

2008இல் வெளியான நோலனின் 'த டார்க் நைட்' படத்தில் இன்னொரு காட்சி. இரண்டு படகுகள். ஒன்றில் சாதாரணப் பயணிகள், மற்றதில் சிறைக் கைதிகள். இரண்டிலும் குண்டு. ஒவ்வொரு படகின் குண்டை வெடிக்கவைக்கும் விசை மற்றப் படகில் இருக்கிறது. நீங்கள் முதலில் அழுத்தினால் நீங்கள் பிழைப்பீர்கள் என்கிறான் ஜோக்கர். பயணிகள் வாக்கெடுக்கிறார்கள். அழுத்தலாம் என்றே பெரும்பான்மை. ஆனால் அழுத்த ஒருவருக்கும் கை வரவில்லை. கைதிகளின் படகில் ஆஜானுபாகுவான ஒரு கைதி எழுந்து வந்து விசையை வாங்கி யன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு அமைதியாக உட்காருகிறார்.

ஒன்று பகடி, மற்றது பதற்றம். ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றையே: என் உயிருக்காகவோ என் நியாயத்துக்காகவோ இன்னொருவர் தலையில் இந்தக் குண்டைப் போடமாட்டேன். அந்தப் படம் வெளியான அதே 2008ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, எங்கள் ஊவா மாகாணத்தின் புத்தல பகுதியில் ஒரு பயணிகள் பேருந்து குண்டுத்தாக்குதலுக்கு உள்ளானது. இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். நாட்டின் மறுமுனையில் வானிலிருந்தும் பீரங்கிகளிலிருந்தும் விழுந்தவற்றுக்குக் கணக்கில்லை. குண்டை வைத்தவர்களும் போட்டவர்களும் எவ்வகையிலும் களிக்கூத்தாடிகள் அல்லர். மிகவும் தீவிரமானவர்கள், சிரிக்காதவர்கள், தங்கள் நியாயத்தில் ஐயமற்றவர்கள். வாத்துக்காகக் குண்டைச் சுமந்து ஓடிய அந்தக் கோமாளி வீரனின் பக்கத்தில் அவர்களை நிறுத்திப் பார்க்கும்போது, இருவருள் யார் அறத்தில் பெரியவர் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அதிக நேரம் தேவைப்படுவதில்லை.

ஆகவே இருளா வெளிச்சமா என்ற வாதத்தால் பயனில்லை. எதைக் கேலி செய்யலாகாது, யார் உயிரைத் தொடலாகாது என்று அந்தப் படைப்புக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ரீவ்ஸின் 2022 படமும் இந்தத் தேர்வில் தேறுகிறது. 'நானே பழிவாங்கல்' என்று சொல்லித் திரியும் அதன் நாயகன், அதே சொல்லைக் கொலைகாரன் ஒருவனின் வாயிலிருந்து கேட்டுத் திடுக்கிடுகிறான். முடிவில், வெள்ளத்தில் மூழ்கிய மண்டபத்தில் தீவட்டியொன்றை ஏந்தி, நெஞ்சளவு தண்ணீரில் மக்களை வழிநடத்தி வெளியே கொண்டுவருகிறான். அத்தனை நேர இருளுக்குப் பின் வரும் அந்தச் சிறு வெளிச்சத்தில்தான் அவன் முதன்முறையாக வீரனாகத் தெரிகிறான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை விழுங்கியதைச் செய்தியாக்கியவர்களுள் எவரும் அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட முடியாது. அங்கு முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள். கையில் இருந்தது மண்வெட்டி. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் மாற்று வீடுகள் கட்டப்படவில்லை.

இந்த இடத்தில் தமிழ்ப் படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2012இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தார். குங்ஃபூ பயின்ற இளைஞன் முகமூடி அணிந்து, முகமூடிக் கொள்ளையரை எதிர்க்கும் கதை. தமிழில் ஒரு முழுமையான சூப்பர் ஹீரோவைப் படைக்கும் நோக்கோடு, மழையும் இரவுமாகச் சிரத்தையோடு எடுக்கப்பட்ட படம். ஆனால் அந்த முகமூடிக்குப் பின்னால் எந்தத் தெருவின் துயரம் இருக்கிறது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. இருள் இருந்தது, இருளுக்குக் காரணம் இல்லை.

2023இல் மடோன் அஷ்வின் 'மாவீரன்' எடுத்தார். நாயகன் பத்திரிகையொன்றுக்குப் படக்கதை வரைபவன். பயந்தவன். ஆற்றோரக் குடிசையிலிருந்து அவன் குடும்பத்தையும் அயலவரையும் பெயர்த்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியேற்றுகிறார்கள். கை வைத்த இடமெல்லாம் சுவர் உதிர்கிறது. பூசி மறைக்க ஓர் ஆள் நியமிக்கப்படுகிறார். யோகி பாபு அந்த ஆளாக வந்து நம்மைச் சிரிக்கவைக்கிறார். அந்தச் சுவர் என்றோ ஒருநாள் எல்லோர் தலையிலும் விழும் என்பது தெரிந்தே சிரிக்கிறோம். வீரனாகச் சொல்லி ஒரு குரல் அவன் காதில் ஒலிக்க, அவன் அதனிடமிருந்து தப்பி ஓடுவதே நகைச்சுவை. சுவையான ஒரு தற்செயலும் உண்டு. அந்தப் படத்தில் ஊழல் அமைச்சராக நடித்தவர் 'முகமூடி' எடுத்த அதே மிஷ்கின். பன்னிரண்டு அடி நீள, பத்தடி அகல லயக் காம்பராக்களின் கசியும் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு 'மாவீரன்' வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. கோமாளியும் ரதியும் ஒரே திடலில் நிற்கும் படம் அது.

2016இல் ராஜு முருகன் எடுத்த 'ஜோக்கர்' படத்தையும் இதோடு சேர்க்கலாம். அரைகுறையாகக் கட்டிய கழிவறை இடிந்து மனைவியைப் பறிகொடுத்ததுபோல் ஆகிவிட்ட ஒரு கிராமத்தான், தன்னை இந்திய ஜனாதிபதியாக அறிவித்துக்கொள்கிறான். அறிக்கை விடுகிறான், ஆணை பிறப்பிக்கிறான். ஊர் சிரிக்கிறது. மூன்று ஆண்டு கழித்து ஹொலிவூட்டிலும் 'ஜோக்கர்' என்ற பெயரில் ஒரு படம் வந்தது. வெனிஸ் விழாவின் உயர்ந்த பரிசையும் வென்றது. அதில் ஏழையின் அவமானம் கொலையில் முடிகிறது. தமிழ் ஜோக்கரின் அவமானமோ மனுவாகவும் வழக்காகவும் போராட்டமாகவும் மாறுகிறது. இரண்டில் எது கூடுதல் துணிச்சலானது என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கு விடுகிறேன். என் தீர்ப்பை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

இவ்வளவும் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் திரைப்படம் மட்டுமன்று. மலையகத்திலிருந்து இன்று இளைஞர் பலர் குறும்படங்கள் எடுக்கிறார்கள், கதை எழுதுகிறார்கள், மேடையேறுகிறார்கள். மகிழ்ச்சி. 1975இல் வி.பி. கணேசனின் 'புதிய காற்று' வந்தபோது இருந்த வசதியைவிட இன்று ஒரு கைத்தொலைபேசியில் இருக்கும் வசதி அதிகம். அந்தப் படத்துக்கு எழுதிய தெளிவத்தை ஜோசப் எங்கள் ஊவா மண்ணில், ஹாலி-எல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் இன்றைய குறும்படங்கள் பலவற்றில் ஒரே நிறத்தைக் காண்கிறேன். மூடுபனி, ஒப்பாரி, இருமும் கிழவர், தூக்குக் கயிறு. 2013இல் பாலா எடுத்த 'பரதேசி'யின் நிழல் இவற்றில் நீளமாக விழுந்திருக்கிறது. அந்தப் படம் சொன்ன கொடுமை உண்மை. அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் தோட்டத்து மனிதன் திரைக்கு வந்தால் சாகத்தான் வேண்டும் என்ற விதியை நாமே எழுதிக்கொள்ளலாமா?

மறுபுறம், நீண்ட காலமாக இந்நாட்டு வானொலியிலும் மேடையிலும் எங்கள் பேச்சு பிறருக்குச் சிரிப்புப் பொருளாக இருந்துவந்திருக்கிறது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் கசப்புத் தெரியும். அந்தக் கசப்பினாலேயே நம் பிள்ளைகள் சிரிப்பையே சந்தேகிக்கிறார்கள். அழுகையை மட்டுமே கௌரவமாக நினைக்கிறார்கள். இது விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். ஆயினும் பிறர் நம்மைப் பார்த்துச் சிரிப்பது வேறு, நம் கோமாளி துரையைப் பார்த்துச் சிரிப்பது வேறு. இரண்டாவது சிரிப்பை முதலாவதோடு சேர்த்துப் புதைத்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

போட்டி மேடைகளுக்காகக் காமன் கூத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது கோமாளியின் பகுதி. நேரம் போதாது என்பார்கள், பண்பாட்டு நிகழ்ச்சிக்குப் பொருந்தாது என்பார்கள். ஒப்பாரி மட்டும் மிஞ்சுகிறது. வெளியூர் விருந்தினர்கள் மரியாதையோடு கைதட்டுகிறார்கள். இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தபோது வெயிலிலும் பாடினார்கள், வேடிக்கை பேசினார்கள். நடந்து வந்த முன்னோரும் அப்படித்தான் வந்திருப்பார்கள். அழுதுகொண்டே மட்டும் அத்தனை மைல் நடக்க முடியாது.

எனவே கமராவைக் கையில் எடுத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். இருளை எடுங்கள், அது நம்முடையதுதான். அதே படத்துக்குள் கோமாளிக்கும் ஓர் இடம் வையுங்கள். அவன் யாரை வேண்டுமானாலும் கேலி செய்யட்டும். மண்வெட்டியோடு ஓடிவரும் பக்கத்து லயத்துக்காரரை மட்டும் கேலி செய்யாதிருக்கட்டும். அடுத்த மாசியில் உங்கள் தோட்டத்தில் கம்பம் ஊன்றினால், கோமாளியின் பகுதியை ஒரு நிமிடமும் வெட்டாமல் முழுதாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவரே எஞ்சியிருக்கிறார்கள்.